மானுக்குப் போன லீவு

நோவாக் குடும்பத்தின் அந்த வருஷத்து லீவைக் கெடுத்தது ஒரே ஒரு தலையாட்டல்தான்.

வெண்டல் நோவாக் வேலை பார்த்தது மக்காச்சோளத்தை அரைத்துப் பாகு காய்ச்சுகிற ஆலையில். அந்த அயோவா ஊரில் பாதிப்பேர் அங்கேதான். முன்பெல்லாம் பழைய ஆட்களுக்கு நாலு வாரம் லீவு இருந்தது. முதலாளி மாறினார், லீவு பாதியானது. மிஞ்சியது ஆளுக்கு இரண்டு வாரம். அந்த இரண்டு வாரத்தையும் நினைத்த நேரத்தில் எடுத்துவிட முடியாது. ஜனவரியில் ஒரு நாள் ஷிப்ட் முடிந்ததும் எல்லாரும் சாப்பாட்டு அறையில் கூட வேண்டும். சுவரில் வெள்ளைப் பலகை, அதில் வருஷத்தின் வாரங்கள் வரிசையாக. வேலையில் மூத்தவன் முதலில் ஒரு வாரத்தைப் பிடிப்பான், அவனுக்கு அடுத்தவன் அடுத்து. கடைசி ஆள்வரை போய்விட்டு இரண்டாவது சுற்று. பலகையில் பேர் ஏறினால் ஏறியதுதான். இறக்கச் சொல்கிறவனை அந்த அறை பிறகு மனுஷனாக மதிக்காது.

முதல் சுற்றில் வெண்டல் ஜூலையில் ஒரு வாரத்தைப் பிடித்தான். எல்லாரும் புருவத்தைத் தூக்கினார்கள். ஜூலையில் வெண்டலுக்கு என்ன வேலை? இரண்டாவது சுற்றில் அதற்கு முந்தைய வாரத்தையும் பிடித்துவிட்டால் தீர்ந்தது, இரண்டும் ஒட்டிக்கொள்ளும். காலையிலிருந்து அதைத்தான் மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் முறை வந்தது. ஃபோர்மேன் மெர்ல் பேனாவோடு திரும்பி, "வெண்டல்?" என்று கேட்டு முடிப்பதற்குள் மொத்த அறையும் ஒரே குரலில், "மான் வாரம்!" என்று கத்தியது.

டிசம்பர் முதல் வாரம், துப்பாக்கி எடுத்துக்கொண்டு மான் வேட்டைக்குப் போகிற வாரம். இருபத்திரண்டு வருஷமாக வெண்டல் விடாமல் பிடித்த வாரம். மெர்ல் சிரித்துக்கொண்டே பேரை எழுதினான். எல்லாரும் சிரித்தார்கள். வெண்டலும் சிரித்துத் தலையை ஆட்டினான். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். வெண்டல் வாயைத் திறக்காமல் தலையாலேயே கெட்டான்.

ஆட்டிய தலை நிற்பதற்குள் அடுத்த ஆள் கோல்பி எழுந்து அந்த முந்தைய ஜூலை வாரத்தைக் கேட்டுவிட்டான். "எனக்குக் கல்யாணம்," என்றான் வெட்கத்தோடு. அறையே கைதட்டியது. வெண்டலும் தட்டினான், வேறென்ன செய்வான்.

வீட்டில் அவன் மனைவி ஜோலீன் சாப்பாட்டு மேசையில் நாட்டு வரைபடத்தை விரித்து, மூலைக்கு ஒன்றாகக் கெச்சப் பாட்டிலும் உப்பு டப்பாவும் வைத்துக் காத்திருந்தாள். போனில் வழி பார்ப்பதெல்லாம் அவளுக்கு ஒத்துவராது. ஊரும் கடலும் ஒரே தாளில் தெரிந்தால்தான் போய்ச் சேருவோம் என்று நம்பிக்கை வரும்.

"கெடைச்சுதா?"

"ஒண்ணு கெடைச்சுது."

"ஒண்ணுன்னா?"

"ஜூலைல ஒரு வாரம்."

"இன்னொண்ணு?"

வெண்டல் பூட்ஸ் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமானான். அந்தக் கயிற்றில் அவ்வளவு முடிச்சு என்றைக்கும் இருந்ததில்லை.

"இன்னொண்ணு எங்க வெண்டல்?"

"மானுக்குப் போயிருச்சு."

பன்னிரண்டு வயது மகன் டாசன் குளிர்பெட்டிக்குள்ளிருந்து தலையை எடுத்தான். "மானும் கடலுக்கு வருதா?"

யாரும் சிரிக்கவில்லை. நடந்ததை வெண்டல் ஒளிக்காமல் சொன்னான். பொய் சொல்லத் தெரிந்தவன் இல்லை அவன், அது மட்டும் அவனிடம் உருப்படியான குணம். கேட்டு முடித்த ஜோலீன் கெச்சப் பாட்டிலை எடுத்தாள். வரைபடம் தானாகச் சுருண்டுகொண்டது.

"இருவத்திரண்டு வருஷமா அந்த மானுங்களோட குடும்பம் நடத்தின. ஒரு வருஷம் எங்களோட நடத்தக் கூடாதா?"

"எல்லாரும் கத்தினாங்க ஜோலீன்."

"கத்தினா? உனக்கு வாய் இல்லையா?"

அவள் கோபத்துக்குக் காரணம் இருந்தது. மூத்தவள் பிரின் கப்பற்படையில் சேரக் கையெழுத்துப் போட்டிருந்தாள். ஆகஸ்ட் நடுவில் கிளம்ப வேண்டும். நாலு பக்கமும் சோளக்கொல்லை, எந்தத் திசையில் போனாலும் ஆயிரம் மைல் மண், அப்படிப்பட்ட ஊரிலிருந்து ஒரு பெண் கப்பலுக்குப் போகிறாள். கடலை அவள் பார்த்ததே இல்லை. அவள் அப்பனும் பார்த்ததில்லை, ஆத்தாளும் பார்த்ததில்லை. "கப்பல் எப்படி இருக்கும்னு தெரியுமா? நம்ம தானியக் கிடங்கைப் படுக்கப் போட்ட மாதிரி இருக்கும்," என்று தேவாலயத்தில் கிழவர்கள் கேலி செய்தார்கள்.

கையெழுத்துப் போட்ட அன்றைக்கே ஜோலீன் தீர்மானித்துவிட்டாள். அதற்காகத்தான் ஓய்வுபெற்ற ஒரு பாதிரியாரிடமிருந்து பழைய வீட்டுவண்டி ஒன்றை வாங்கினார்கள். ஆர்.வி. என்று எல்லாரும் சொல்வது. முப்பத்திரண்டு அடி நீளம், பக்கவாட்டில் பழுப்புக் கோடு, உள்ளே அடுப்பு, படுக்கை, கழிப்பறை, முன் இருக்கையை ஒட்டியே ஏறி இறங்கக் கதவு. வாங்கிய நாளிலிருந்து வாசலில் நிற்கிறது. வெண்டல் ஞாயிறுதோறும் அதைத் துடைப்பான். பெற்ற பிள்ளைகளின் முகத்தைக்கூட அவன் அப்படித் துடைத்ததில்லை.

"என் பொண்ணு மொத மொதல்ல கடலைப் பாக்கறப்போ பக்கத்துல எவனோ ஒரு அதிகாரி நிக்கக் கூடாது," என்றாள் ஜோலீன். "நான் நிக்கணும். நாம நாலு பேரும் நிக்கணும்."

"அம்மா, நான் ஆயுசு பூரா கடலைத்தான் பாக்கப் போறேன்," என்றாள் பிரின்.

"அதுக்குத்தாண்டி சொல்றேன். மொதல்ல எங்களோட பாரு. அப்புறம் யாரோட வேணாலும் பாரு."

பிப்ரவரி முழுக்க அந்த ஒற்றை வாரத்தை இழுத்துப் பார்த்தார்கள். நூலா அது, இழுத்தால் நீளுவதற்கு? வீட்டுவண்டிக்காரர்களிடம் ஒரு சட்டம் உண்டு. ஒரு நாளைக்கு முந்நூறு மைலுக்கு மேல் ஓட்டாதே, பிற்பகல் மூன்று மணிக்குள் தங்கும் இடம் போய்ச் சேர். பாதிரியார் சாவியைக் கொடுக்கும்போது வேதவாக்கியம்போல அதைச் சொல்லிக் கொடுத்திருந்தார். வெண்டல் பத்துக் கட்டளைகளோடு பதினோராவதாக அதைச் சேர்த்துக்கொண்டான். அவன் கணக்குப்படி ஒரு வாரத்தில் கடலுக்குப் பாதி வழி போகலாம். போய், வண்டியைத் திருப்பலாம்.

"பிளாக் ஹில்ஸ் போவோம்," என்றான். "மலை இருக்கு, குகை இருக்கு, காட்டெருமை இருக்கு."

"கடல் இருக்கா?"

"ஏரி இருக்கு."

"ஏரி வேணும்னா ஊருக்குள்ளயே பாகு ஆலைக் குட்டை இருக்கே. போய் நின்னு பாத்துட்டு வந்திரலாம். லீவுகூட வேணாம்."

டாசன் குகைக் கட்சி. பிரின் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. சம்பளமில்லாமல் ஒரு வாரம் கேட்டுப் பார்க்கலாமா என்று வெண்டல் மெர்லிடம் போனான். மெர்ல் கழுத்தைச் சொறிந்தான், பலகையைப் பார்த்தான், உதட்டைப் பிதுக்கினான். கோல்பியிடம் கேட்கலாம். ஆனால் கல்யாணத்தைத் தள்ளிவை என்று ஒரு மாப்பிள்ளையிடம் போய்ச் சொல்ல வெண்டலுக்கு முகம் இல்லை.

"நாலு பேரும் விமானத்துல போயிட்டா என்ன?" என்று பிரின் ஒருநாள் கேட்டாள்.

வெண்டல் எழுந்து குப்பை கொட்டப் போய்விட்டான். குப்பைக்கூடையில் ஒன்றுமே இல்லை.

விமானம் என்றால் உயரத்துக்குப் பயந்தானோ என்று நினைக்க வேண்டாம். ஆலையில் எட்டுமாடி உயரத் தொட்டிமேல் நின்று சாண்ட்விச் தின்கிறவன் அவன். அவன் நோய் வேறு. அடுத்தவன் ஓட்டுகிற எதிலும் அவனால் உட்கார முடியாது. உட்கார்ந்தால் வலது கால் தானாகத் தரையை அமுக்கும், இல்லாத பிரேக்கைத் தேடி. மைத்துனன் காரில் அவன் காலடி விரிப்பு ஓட்டையானது அப்படித்தான். ஒருமுறை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கிவிட்டு ஜோலீன் காரில் கூட்டிவந்தாள். வாய் நிறையப் பஞ்சு, பாதி மயக்கம், அந்த நிலையிலும் சிக்னலுக்குச் சிக்னல் தரையை அமுக்கினான். அதனால் அந்த வீட்டில் குடும்பத்தோடு போனால் சாவி வெண்டல் கையில்தான். ஜோலீன் யோசிக்காமல் எடுத்து நீட்டுவாள். அவன் யோசிக்காமல் வாங்கிக்கொள்வான்.

அந்த ஜோலீன் பத்தொன்பது வருஷமாகப் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுகிறவள். நாற்பதடி மஞ்சள் வண்டி, உள்ளே எழுபது பிள்ளைகள், வெளியே பனியும் சறுக்கலும்.

மார்ச் மாதம் ஒரு காலை. வண்டி நிறையப் பிள்ளைகளோடு ஆலைக்குப் பக்கத்துத் தண்டவாளத்துக்கு வந்தாள். பள்ளிக்கூடப் பேருந்து தண்டவாளத்தைக் கண்டால் நிற்க வேண்டும், ரயில் வந்தாலும் வராவிட்டாலும். விளக்கை மினுக்க வேண்டும், பிள்ளைகளை அமைதியாக்க வேண்டும், கதவைத் திறந்து காது கொடுத்துக் கேட்க வேண்டும். சத்தம் இல்லை என்றால்தான் கடக்க வேண்டும். அன்றைக்குச் சத்தம் இருந்தது. பாகு ஏற்றிய தொட்டி ரயில், ஊர்ந்து ஊர்ந்து வந்தது.

திறந்த கதவு வழியே குளிர்காற்று வர, ஒவ்வொரு தொட்டியாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் வெண்டல் காய்ச்சிய பாகு. இந்தப் பாகுக்காகத்தானே இந்த மனுஷனுக்கு லீவு இல்லை. லீவு இல்லை, லீவு இல்லை என்று குளிர்காலம் முழுக்க நானும் சேர்ந்து புலம்பினேனே. யாருக்கு லீவு இல்லை? வெண்டலுக்கு. எனக்கு?

மே மாதக் கடைசியில் பள்ளிக்கூடம் மூடினால் ஆகஸ்ட் கடைசியில்தான் திறக்கும். அதுவரைக்கும் மஞ்சள் வண்டி கொட்டகையில் தூங்கும், அவள் வீட்டில் தக்காளிக்குத் தண்ணீர் விடுவாள். பத்தொன்பது வருஷமும் அப்படித்தான். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. அதுவும் ஒரு குடும்பமே சேர்ந்து அலைந்திருக்கிறது, வீட்டில் ஒருத்தர்கூட, அவளையும் சேர்த்துத்தான், அந்த வெண்ணெயைப் பார்க்கவில்லை.

ஜோலீன் வாய்விட்டுச் சிரித்தாள். தண்டவாளத்தில் சத்தம் போடக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தவளே சிரித்ததில் பிள்ளைகள் அரண்டுபோனார்கள்.

"மிஸஸ் நோவாக், என்னாச்சு?" என்றது முன் இருக்கைப் பெண் ஒன்று.

"ஒண்ணுமில்ல கண்ணு. எனக்கு லீவு இருக்குன்னு இப்பத்தான் தெரிஞ்சுது."

"எங்களுக்கு?"

"உங்களுக்கு இன்னைக்கு இல்ல. உக்காருங்க."

சாயங்காலம் வெண்டல் பூட்ஸைக் கழற்றும் முன்பே சொல்லிவிட்டாள். கெச்சப் பாட்டில் மறுபடி வரைபடத்தின் மூலைக்கு வந்திருந்தது.

"பசங்களைக் கூட்டிட்டு நான் முன்னாடி கெளம்பறேன். நிதானமா, உன் முந்நூறு மைல் சட்டப்படியே. உன் லீவு ஆரம்பிக்கற அன்னைக்கு நீ அங்க வந்து சேந்துக்க. வர்றப்போ ரெண்டு பேரும் மாத்தி மாத்தி ஓட்டுவோம், சீக்கிரம் வந்திரலாம்."

வெண்டல் அவிழ்க்க இருந்த பூட்ஸ் கயிற்றை விட்டான். பிறகு, "யாரு ஓட்டுறது?" என்றான்.

"நான்தான்."

"ஜோலீன், அது பஸ் இல்ல."

"ஆமா, இல்ல. பஸ்ஸைவிட எட்டடி குட்டை."

"உள்ள கியாஸ் இருக்கு. தண்ணித் தொட்டி இருக்கு. கழிவுத் தொட்டி இருக்கு. வளைவுல எல்லாம் ஆடும்."

"என் வண்டில எழுபது புள்ளைங்க இருக்கு. வாந்தி எடுக்கும், அடிச்சுக்கும், ஒண்ணு ஜன்னல் வழியா ஷூவைக் கழட்டிப் போடும். உன் கழிவுத் தொட்டி ஷூவைக் கழட்டிப் போடுமா?"

டாசன் தட்டுக்குள் முகத்தைப் புதைத்துச் சிரித்தான். வெண்டலுக்குக் காது சிவந்தது. "மலை ஏத்தம் இருக்கு. நம்ம ஊர்ல ஏது மலை? நீ ஓட்டினதே இல்ல," என்றான்.

"நீ ஓட்டியிருக்கியா?"

இரண்டு பேரும் பிறந்ததிலிருந்து தட்டையான மண்ணில் இருப்பவர்கள்தான்.

ஏப்ரலில் பனி கரைந்து மண் இறுகியதும் ஜோலீன் வீட்டுவண்டியை வெளியே எடுத்தாள். வெண்டல் பக்கத்து இருக்கையில் ஏறினான், முகத்தை மருத்துவமனைக்குப் போகிறவன்போல வைத்துக்கொண்டு. ஊரை ஒரு சுற்றுச் சுற்றினாள். அவன் ஒன்பது தடவை தரையை அமுக்கினான், ஜன்னலோரக் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்தான், ஒருமுறை மட்டும் "மாதாவே" என்றான். உண்மையான சோதனை திரும்பி வந்தபிறகுதான். வாசலில் தபால்பெட்டி ஒரு பக்கம், பக்கத்து வீட்டு வேலி மறுபக்கம், நடுவில் பின்னோக்கி விட வேண்டும். அந்தத் தபால்பெட்டியை வெண்டல் இரண்டு முறை சாய்த்திருக்கிறான். இரண்டு முறையும் தபால்பெட்டிதான் தப்பான இடத்தில் நிற்கிறது என்றான்.

"நான் எறங்கி நின்னு கை காட்டறேன்," என்றான்.

"உக்காரு."

கண்ணாடியில் ஒரு பார்வை, மறு கண்ணாடியில் ஒரு பார்வை, ஸ்டீயரிங்கில் உள்ளங்கை. பேருந்துக் கொட்டகையில் தினம் காலையும் மாலையும் செய்கிற காரியம். வண்டி வளைந்து, நேராகி, நின்றது. வெண்டல் இறங்கிப் போய்த் தபால்பெட்டியைப் பார்த்தான். தொட்டு ஆட்டிப் பார்த்தான். அது கிணற்றடிக் கல்போல அசையாமல் நின்றது.

திரும்பி வந்து ஜன்னல் அருகே நின்றான். "பின் டயர்ல காத்து கொஞ்சம் கம்மி," என்றான். "நாளைக்கு அடிச்சு வைக்கிறேன்."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். சரி என்று சொல்லிவிட்டான்.

ஆனால் எதில் வந்து சேரப் போகிறான் என்று மட்டும் சொல்லவில்லை.

"வந்திடுறேன்," என்பான்.

"எதுல?"

"வந்திடுறேன்னு சொன்னேன்ல."

தன் பிக்கப் லாரியை ஓட்டிக்கொண்டு வரலாம். ஆனால் போகவே மூன்று நாள், திரும்ப மூன்று நாள், வாரம் சாலையிலேயே தீரும். மிச்சம் விமானம்தான். ஜோலீன் மே மாதம் ஒருமுறை கேட்டாள், ஜூனில் ஒருமுறை கேட்டாள். பிறகு கேட்பதை விட்டுவிட்டாள். கேட்கக் கேட்க ஓட்டுக்குள் தலையை இழுத்துக்கொள்கிற ஆமை அவன்.

வாயால் கேட்பதை விட்டாளே ஒழிய உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது. வீட்டுவண்டிக்குள் போர்வைகளை அடுக்கும்போது பிரினிடம் சொன்னாள்.

"அப்பா வரமாட்டாரு போலடி."

"வரலைன்னா நாம மூணு பேரு பாப்போம்."

"மூணு பேரு பாக்கறதுக்கா வருஷம் பூரா அந்த மேப்போட சண்டை போட்டேன்?" அவள் குரல் உடைந்தது. போர்வையை உதறுவதுபோல முகத்தை மறைத்துக்கொண்டாள். "நீ போனப்பறம் எப்ப நாலு பேரும் ஒண்ணா இருப்போம்னு சொல்லு. கிறிஸ்மஸுக்கு விடுவாங்களா? அதுவும் தெரியாது. அந்த மனுஷனுக்கு இது புரியலையேன்னுதான்."

பிரின் அம்மாவின் கையிலிருந்த போர்வையின் மறுமுனையைப் பிடித்தாள். இரண்டு பேரும் சேர்ந்து அதை மடித்தார்கள்.

கிளம்புவதற்கு முந்தின வாரம், வீட்டுவண்டிக்காரர்கள் வழக்கப்படி வாசலிலேயே ஒத்திகை நடந்தது. வீட்டுவண்டிக்குள்ளேயே சமைத்து, அங்கேயே சாப்பிட்டுப் பார்ப்பது. டாசன் ரொட்டியைக் கருக்கினான், புகை மணி அலறியது, பக்கத்து வீட்டுக்காரர் தோட்டத்துக் குழாயோடு ஓடிவந்தார். வெண்டல் எல்லாக் குழாயையும் திருகிப் பார்த்தான், எல்லா மூடியையும் இறுக்கினான், டயரை உதைத்தான். டாசனைக் கூப்பிட்டுக் கழிவுத் தொட்டியை எப்படிக் காலி செய்வது என்று மூன்று முறை செய்துகாட்டினான். பயணத்தைப் பற்றி அவன் வாயிலிருந்து வேறு வார்த்தை வரவில்லை. இவ்வளவும் செய்கிறவன் அந்த ஒன்றை மட்டும் ஏன் சொல்லமாட்டேன் என்கிறான் என்று ஜோலீனுக்கு ஆத்திரமாக வந்தது.

ஜூலையில் ஒரு காலை கிளம்பினார்கள். வெண்டலுக்குக் காலை ஷிப்ட். ஊரைத் தாண்டும்வரை ஒரே சாலை என்பதால் அவன் லாரி பின்னாலேயே வந்தது. வாசலில் வைத்து விடைபெறுவது அந்த வீட்டு ஆட்களுக்கு ஒழுங்காக வராது. பிள்ளைகளைத் தோளில் தட்டினான். ஜோலீனிடம், "அறுபதுக்கு மேல போகாத," என்றான். "அந்த மானுங்களுக்கு நான் விசாரிச்சதாச் சொல்லு," என்றாள் அவள். அவ்வளவுதான். கண்ணாடியில் அவன் லாரி சின்னதாக ஆடிக்கொண்டு வருவதைப் பார்த்தபடி ஓட்டினாள். தண்டவாளத்தைத் தாண்டினால் அவன் இடப்பக்கம் ஆலைக்குத் திரும்புவான், அவள் நேரே மேற்கே போவாள்.

தண்டவாளம் வந்தது. ஜோலீன் வண்டியை நிறுத்தினாள். நாலு விளக்கும் மினுங்கின. ரேடியோவை அணைத்தாள். பின்னால் தின்பண்டப் பையைக் கிழித்துக்கொண்டிருந்த டாசன் கையை அப்படியே நிறுத்தினான். பிரின் முன் இருக்கையிலிருந்து கையை நீட்டிக் கதவைத் தள்ளித் திறந்தாள். சிறுவயதிலிருந்தே அம்மாவின் பேருந்தில் போன பிள்ளைகள் இரண்டு பேரும். யாரும் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது வெண்டலுக்கு மட்டும் எழுதியதில்லை, அந்தக் குடும்பத்துக்கே எழுதியது. பள்ளிக்கூடப் பேருந்து இல்லை இது, வெறும் வீட்டுவண்டி, நிற்க வேண்டியதே இல்லை என்பது மூன்று பேருக்கும் உறைக்கவே இல்லை. சோளக்கொல்லையில் காற்று சலசலத்ததைத் தவிர வேறு சத்தம் இல்லை.

அப்புறம் ஓடிவருகிற பூட்ஸ் சத்தம் கேட்டது.

வெண்டல் திறந்த கதவுக்கு வந்து நின்றான், ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு. "என்னாச்சு? எஞ்சினா? கியாஸ் வாடை வருதா?"

"ஒண்ணும் ஆகல."

"பின்ன ஏன் நிறுத்தின? கதவை ஏன் தொறந்த?"

ஜோலீன் தண்டவாளத்தைப் பார்த்தாள், மினுங்குகிற விளக்கைப் பார்த்தாள், அப்போதுதான் புரிந்தது. முகம் சூடாகிவிட்டது. "பழக்கம்," என்றாள்.

வெண்டல் அவளைப் பார்த்தான். ஜனவரியில் மான் வாரத்துக்கு அவன் தலையை ஆட்டவைத்ததும் அதேதான். சிரிக்க வேண்டியவன் சிரிக்கவில்லை. ஒரு காலைத் தூக்கிப் படியில் வைத்தான்.

"நான் ஏறிக்கத்தான் தொறந்தியோன்னு நெனச்சேன்," என்றான்.

டாசன் தின்பண்டப் பையைக் கீழே வைத்தான்.

"வர்ற சனிக்கிழமைக்கு டிக்கெட் வாங்கிட்டேன்," என்றான் படியைப் பார்த்தபடியே. "வாங்கி ரெண்டு வாரமாச்சு. சொல்லத்தான் வாய் வரல. சொல்லிட்டு ஏறமுடியாமப் போச்சுன்னா உன் மூஞ்சியில எப்படி முழிக்கறதுன்னு."

ஜோலீன் ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள்.

"போன்ல ஒரு பொண்ணு பேசுச்சு. ஜன்னல் ஓரம் வேணுமா, உள்பக்கம் வேணுமான்னு கேட்டுச்சு. ஓட்டுறவரு பக்கத்துல எடம் இருக்குமான்னு கேட்டேன்."

பிரின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். "அந்தப் பொண்ணு என்னப்பா சொல்லிச்சு?"

"நல்லாச் சிரிச்சுது." அவன் ஜோலீனை நிமிர்ந்து பார்த்தான். எட்டுமாடித் தொட்டிமேல் நிற்கிற ஆள், கண்ணில் சின்னப் பிள்ளையின் பயம். "ஜோலீன், அங்க என் காலுக்கு பிரேக் இருக்காதே."

அவள் பிரினின் காலடியைக் காட்டினாள். ஏப்ரலில் அவன் ஒன்பது தடவை அமுக்கிய இடம். விரிப்பில் இன்னும் பூட்ஸ் தடம் இருந்தது.

"இங்க மட்டும் எங்க இருந்துச்சு?" என்றாள், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நீ பாட்டுக்கு அமுக்கிட்டே வா. கடல் வந்ததும் நிக்கும்."

வெண்டல் தலையை ஆட்டினான். இந்தத் தடவை யாரும் கத்தவில்லை, அவனாகத்தான் ஆட்டினான். காலைப் படியிலிருந்து எடுத்து, பேருந்திலிருந்து இறங்கிய பிள்ளைபோலப் பின்னால் தள்ளி நின்றான். பிரின் கதவைச் சாத்தினாள். ஜோலீன் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தண்டவாளத்தைக் கடந்தாள்.